அப்பாருவின் நோட்டில் இருந்த அங்குலங்கள்

28.652, பக்கத்தில் 78. அடுத்த வரியில் மாலை 4 மணிக்கு 28.562, பக்கத்தில் 86. எங்கள் அப்பாரு 1952-ம் வருடம் ஜூலையில் ஒரு நாள் எழுதி வைத்த காற்றழுத்தக் குறிப்பின் இரண்டு வரிகள் இவை. அப்பாவைப் பெற்ற அப்பாரு, கோவையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் அட்டெண்டராக வேலை பார்த்தவர். வீட்டைக் காலி செய்தபோது பரணிலிருந்து இறங்கியவை இரண்டு: அட்டை பிய்ந்த இந்த நீள நோட்டு, அப்புறம் துணியில் சுற்றிய ஒரு பித்தளைக் காற்றழுத்த மீட்டர். கடிகாரம் மாதிரி வட்டமானது. உள்ளே முள் தொங்கிப்போய்க் கிடந்தது.

நோட்டில் நான்கு கட்டங்கள்: தேதி, மணி, பா.மீ., அ.தெ. கல்லூரி நடந்த நாட்களில் எல்லாம் காலை 10 மணிக்கு ஒரு வரி, மாலை 4 மணிக்கு ஒரு வரி. இரண்டு வருடம் விடாமல் எழுதியிருக்கிறார். யாராவது எழுதச் சொன்னார்களா, தானாகவே எழுதினாரா என்று கேட்க இப்போது வீட்டில் ஆளில்லை. அந்த எழுத்தின் ஒழுங்கைப் பார்த்ததும் ஒன்று முடிவு செய்தேன். இந்த எண்களை எல்லாம் இன்றைய அழுத்த அலகான ஹெக்டோபாஸ்கலுக்கு மாற்றி, மொட்டை மாடியில் நான் வைத்திருக்கும் சென்சாரின் அளவுகளோடு ஒரே வரைபடத்தில் போட வேண்டும். பித்தளை மீட்டரையும் ஓட வைத்து, ஹெக்டோபாஸ்கல் முகப்பு வரைந்து, சுவரில் மாட்ட வேண்டும். இரண்டு ஞாயிற்றுக்கிழமை வேலை என்று நினைத்துத் தொடங்கியது நான்கு மாதம் இழுத்தது.

நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலில் ஒரு வரி இருந்தது: "வீட்டு மீட்டர் 1.20 கூட. ஏரோடிரோம் ரிப்போர்ட்படி முள் வைத்தது." ஏரோடிரோம் என்றால் விமான நிலையம். ஆனால் அந்த வரி அப்போது எனக்குப் புரியவில்லை. அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை தட்டச்சு. அறுநூற்றுச் சொச்சம் வரிகளைக் கணினியில் ஏற்றினேன். பா.மீ. என்பது பாரோமீட்டர், அலகு பாதரச அங்குலம். மாற்றும் எண் 33.8639. அதாவது ஒரு பாதரச அங்குலம் 33.8639 ஹெக்டோபாஸ்கல். ஒரு கட்டத்தில் பெருக்கல் போட்டுக் கீழே இழுத்தால் முடிந்தது. 28.652 அங்குலம் 970.27 ஹெக்டோபாஸ்கல் (ஹெ.பா.) ஆனது.

சரி என்று வரைபடத்தைப் போட்டால், அப்பாருவின் கோடு முழுவதும் என் கோட்டுக்கு மேலே மிதந்தது. மாடி சென்சார் ஜூலை காலைகளில் 962-லிருந்து 965 வரை காட்டுகிறது. அவருடையது 969, 970, 971. ஏழு ஹெக்டோபாஸ்கல் வித்தியாசம். அன்றைய வானிலை அப்படி இருந்திருக்கலாம் என்று ஒதுக்கிவிட முடியாது. கோவை மாதிரி நிலநடுக்கோட்டுக்குப் பக்கத்து ஊரில் அழுத்தத்தின் மாதச் சராசரி வருடம் முழுவதும் சில ஹெக்டோபாஸ்கலுக்குள்தான் ஏறி இறங்கும். இரண்டு வருடம் முழுக்க ஏழு கூடுதலாக நிற்காது. உயர வித்தியாசமாகவும் இருக்க முடியாது. நம் உயரத்தில் ஒரு ஹெக்டோபாஸ்கல் என்பது ஏறக்குறைய 9 மீட்டர் உயரத்துக்குச் சமம். ஏழு என்றால் கல்லூரி எங்கள் வீட்டைவிட அறுபது மீட்டர் பள்ளத்தில் இருக்க வேண்டும். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே மட்டம்.

சென்சார் மேல் சந்தேகம் வந்தது. என்னிடம் இருப்பது பி.எம்.பி.280. விலை குறைந்த சின்னச் சில்லு. ஏற்ற இறக்கத்தை நுணுக்கமாகப் பிடிக்கும். ஆனால் மொத்த அளவில் ஒரு ஹெக்டோபாஸ்கல் வரை முன்னே பின்னே இருக்கலாம் என்று அதைத் தயாரித்தவர்களே சொல்கிறார்கள். விமான நிலையத்தின் அறிக்கையில் வரும் அழுத்தத்தை எங்கள் உயரத்துக்குக் கணக்கிட்டுச் சில நாள் ஒப்பிட்டேன். அந்த அறிக்கையில் தசமப் பகுதியை வெட்டிவிட்டு முழு எண்ணை மட்டும்தான் தருவார்கள். அதனால் ஒரு நாள் போதாது, பத்து நாள் பார்த்துச் சராசரி எடுத்தேன். என் சென்சார் 0.6 கூடுதலாகக் காட்டியது. அதைக் கழித்தால் இடைவெளி இன்னும் பெரிதாகிறதே தவிரக் குறையவில்லை.

மாற்றும் எண் சரிதானா என்று பழைய பொறியியல் கையேடு ஒன்றைப் புரட்டியபோதுதான் வழி தெரிந்தது. அதில் பாதரச அங்குலத்துக்கு இரண்டு வரிகள் இருந்தன. ஒன்றில் 33.8639, இன்னொன்றில் 33.7685. முதலாவது 32 டிகிரி ஃபாரன்ஹீட்டில், இரண்டாவது 60 டிகிரி ஃபாரன்ஹீட்டில். ஒரே அங்குலத்துக்கு எப்படி இரண்டு மதிப்பு?

யோசித்துப் பார்த்தால் விஷயம் எளிமையானது, ஆனால் இத்தனை வருடம் எனக்கு உறைக்கவில்லை. பாஸ்கல் அழுத்தத்தின் அலகு. ஒரு சதுர மீட்டரில் ஒரு நியூட்டன் விசை, அவ்வளவுதான். அங்குலமோ நீளத்தின் அலகு. பாதரசம் இத்தனை அங்குலம் நின்றது என்று எழுதினால், ஒரு தூணின் உயரத்தைத்தான் எழுதுகிறோம். அந்தத் தூண் கீழே எவ்வளவு அழுத்துகிறது என்பது அதன் எடையைப் பொறுத்தது. வெயிலில் பாதரசம் விரிந்தால் அதே அழுத்தத்துக்குத் தூண் உயர்ந்து நிற்கும். புவியீர்ப்பு குறைவான ஊரிலும் அப்படியே. அதனால் 33.8639 என்ற எண்ணுக்குள் இரண்டு நிபந்தனைகள் ஒளிந்திருக்கின்றன: பாதரசம் தண்ணீரின் உறைநிலையில், அதாவது 0 டிகிரி செல்சியஸில் இருக்க வேண்டும், புவியீர்ப்பு 9.80665 என்று 1901-ல் நிர்ணயித்த தரமதிப்பாக இருக்க வேண்டும். கோவையில் இரண்டும் கிடையாது.

அப்போதுதான் நான்காவது கட்டத்தின் அர்த்தம் விளங்கியது. அ.தெ. என்றால் அட்டாச்டு தெர்மாமீட்டர். பாரோமீட்டரின் உடம்பிலேயே பொருத்தியிருக்கும் வெப்பமானி. 78, 86 என்பவை ஃபாரன்ஹீட். அழுத்தத்துக்குப் பக்கத்தில் வெப்பநிலையைச் சும்மா எழுதவில்லை அவர். அது இல்லாமல் முதல் எண்ணுக்குப் பொருளே இல்லை.

அந்தக் கருவி இன்னும் இருக்கிறதா என்று கல்லூரிக்கு எழுதிக் கேட்டுவிட்டுப் போனேன். "வாங்க தம்பி, இருக்குதுங்க. பசங்க பிராக்டிகலுக்கு இப்பவும் அதுதான்" என்று ஆய்வகத்து அண்ணன் மூலைச் சுவருக்குக் கூட்டிப் போனார். ஃபோர்டின் பாரோமீட்டர். பித்தளை உறை, மேலே கண்ணாடிச் சாளரம், ஒரு பக்கம் அங்குல அளவுகோல், மறுபக்கம் சென்டிமீட்டர். எழுபது வருடத்துக்கு முன் அப்பாரு தினமும் இரண்டு முறை நின்ற இடம். கொஞ்ச நேரம் நான் ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருந்தேன்.

படிக்கும் முறையை அண்ணன் சொல்லிக் கொடுத்தார். முதலில் வெப்பமானியைப் படிக்க வேண்டும். பக்கத்தில் நின்றாலே நம் உடம்புச் சூட்டில் அது ஏறத் தொடங்கிவிடும். அடுத்து அடிப்பக்கம் பாதரசத் தொட்டி. அதன் அடித்தளம் தோல் பை. கீழே உள்ள திருகைச் சுற்றினால் தோல் மேலே எழும்பிப் பாதரச மட்டம் உயரும். தொட்டிக்குள் தந்தத்தால் செய்த கூர்முனை ஒன்று கீழ்நோக்கி இருக்கிறது. அளவுகோலின் பூச்சியம் அதுதான். முனையும் பாதரசத்தில் தெரியும் அதன் பிம்பமும் சரியாகத் தொட்டுக்கொள்ளும் வரை திருக வேண்டும். கொஞ்சம் கூடினால் பாதரசத்தில் குழி விழும், திரும்ப இறக்க வேண்டும். பிறகு குழாயை விரலால் லேசாகத் தட்டிவிட்டு, மேலே வெர்னியரை, அதாவது அளவுகோலை ஒட்டி நகரும் சின்னத் துணை அளவுகோலை, இறக்கி, அதன் முன்விளிம்பும் பின்விளிம்பும் பாதரசத்தின் குவிந்த உச்சியை ஒருசேரத் தொடும்படி வைக்க வேண்டும். கண் அதே மட்டத்தில் இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் சரியாக வந்தது.

அந்த அளவுகோலில் ஓர் அங்குலத்தை இருபதாகப் பிரித்திருக்கிறார்கள். வெர்னியரில் 25 கோடுகள். ஆக, படிக்கக்கூடிய மிகச் சிறிய அளவு 0.002 அங்குலம். இதைப் பார்த்ததும் நோட்டைத் திறந்தேன். 28.652, 28.562, 28.614, 28.590. எல்லா எண்ணும் இரட்டைப்படையில் முடிகின்றன! அறுநூற்றுச் சொச்சம் வரிகளில் மூன்று மட்டும்தான் ஒற்றைப்படை. அந்த மூன்றும் வேறு மையில், வேறு கையெழுத்தில் இருக்கின்றன. அப்பாரு லீவு போட்ட நாட்களாக இருக்க வேண்டும்.

இந்த இரட்டைப்படை விஷயம் எனக்கு மிகவும் தேவையான ஒரு கேள்விக்குப் பதில் சொன்னது. பழைய அளவுகளை மாற்றும்போது பெரிய ஆபத்து, எழுதியவர் திருத்தங்களை ஏற்கெனவே போட்டுவிட்டாரா இல்லையா என்பது. போட்டதை நாம் இன்னொரு முறை போட்டால் தவறு இரட்டிப்பாகும். வெப்பத் திருத்தம் 0.128, 0.148 என்று விதவிதமாக வரும். ஒவ்வொரு வரியிலும் அதைக் கழித்துப் பொதுவான மூன்று தசமத்துக்குச் சுருக்கி எழுதியிருந்தால், கடைசி இலக்கம் ஒற்றை, இரட்டை என்று கலந்துதான் வந்திருக்கும். எல்லாமே இரட்டை என்றால், வெர்னியர் காட்டியதை அப்படியே எழுதியிருக்கிறார் என்று அர்த்தம். திருத்தம் எதுவும் போடாத, கருவியின் கைபடாத அளவுகள். அதைவிட நல்ல செய்தி எனக்கு வேறு இருக்க முடியாது.

இனி திருத்தங்கள். வெப்பத்துக்கு நான் கணினியில் போட்ட சூத்திரம் இது, வெ என்பது ஃபாரன்ஹீட் வெப்பநிலை:

திருத்தம் = அளவு × [0.000101 × (வெ − 32) − 0.0000102 × (வெ − 62)] ÷ [1 + 0.000101 × (வெ − 32)]

0.000101 என்பது பாதரசம் ஒரு டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு விரியும் அளவு. 0.0000102 பித்தளை அளவுகோல் விரியும் அளவு. பாதரசத்துக்கு 32-லிருந்தும் பித்தளைக்கு 62-லிருந்தும் கணக்கிடுவதைக் கவனிக்க வேண்டும். பிரிட்டிஷ் கெஜத்தின் நீளத்தை 62 டிகிரி ஃபாரன்ஹீட்டில்தான் வரையறுத்திருந்தார்கள், அதனால் அங்குல அளவுகோல் அந்த வெப்பநிலையில்தான் உண்மையான அங்குலம். மில்லிமீட்டர் அளவுகோலுக்கு 0 டிகிரி செல்சியஸ். இந்த வேறுபாட்டால், அங்குல பாரோமீட்டரில் திருத்தம் பூச்சியமாவது 32-ல் அல்ல, ஏறக்குறைய 28.6 டிகிரியில். நான் முதலில் மெட்ரிக் சூத்திரத்தை அப்படியே அங்குலத்துக்குப் போட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் திருத்தினேன். யாராவது இதே வேலையில் இறங்கினால் இந்த இடத்தில் கவனமாக இருங்கள்.

78 டிகிரியில் 28.652-க்குத் திருத்தம் 0.128 அங்குலம். மீதி 28.524. இதை 33.8639-ஆல் பெருக்கினால் 965.93 ஹெ.பா.

அடுத்தது புவியீர்ப்பு. கோவை 11 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. பூமியின் சுழற்சியாலும் நடுப்பகுதி புடைத்திருப்பதாலும் நம் பக்கம் ஈர்ப்பு சற்றே குறைவு. உயரத்தையும் சேர்த்துக் கணக்கிட்டால் 9.781 வருகிறது. தரமதிப்பால் வகுத்தால் 0.99738. காகிதத்தில் அற்பமாகத் தெரியும் எண். ஆனால் 965.93-ஐ இதால் பெருக்கினால் 963.40 ஆகிறது. இரண்டரை ஹெக்டோபாஸ்கல் போய்விட்டது. 45 டிகிரி அட்சரேகைக்குப் பக்கத்தில் கடலோர ஊரில் இருப்பவர்கள் இந்தத் திருத்தத்தை மறந்தாலும் பெரிய பாதகமில்லை. கோவையில், மதுரையில், யாழ்ப்பாணத்தில் மறக்கக் கூடாது.

970.27 என்று தொடங்கியது 963.40-ல் வந்து நின்றது. என் மாடி சென்சாரின் ஜூலை அளவுகளுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டது.

மாலை அளவையும் மாற்றிப் பார்த்தேன். 86 டிகிரியில் 28.562. திருத்தம் 0.148, மீதி 28.414, கடைசியில் 959.69. காலைக்கும் மாலைக்கும் 3.7 ஹெ.பா. இறக்கம். திருத்தாமல் பார்த்தால் 0.090 அங்குலம், அதாவது 3 ஹெ.பா.தான் இறங்கியது போல் தெரியும். மாலையில் அறை சூடேறிப் பாதரசம் விரிந்து, உண்மையான இறக்கத்தில் ஒரு பங்கை மறைத்துவிட்டது. இந்தத் தினசரி இறக்கம் நம் ஊர்களில் கடிகாரம் மாதிரி நடக்கும். காலை 10, இரவு 10 மணியையொட்டி அழுத்தம் உச்சம், அதிகாலை 4, மாலை 4 மணியையொட்டித் தாழ்வு. சூரியன் மேல்வளிமண்டலத்தைச் சூடாக்குவதால் எழும் காற்றலை அது. வெப்பமண்டலத்தில்தான் மிகத் தெளிவாகத் தெரியும். கல்லூரி மணிக்கணக்கு தற்செயலாக உச்சத்திலும் தாழ்விலும் பொருந்தியிருக்கிறது. இரண்டு வருடத்து 10 மணி, 4 மணி வித்தியாசங்களைச் சராசரி எடுத்து, என் சென்சாரின் அதே நேர வித்தியாசங்களோடு வைத்துப் பார்த்தேன். திருத்திய பிறகு இரண்டு கோடும் கிட்டத்தட்ட ஒன்றின் மேல் ஒன்று படிந்தன. ஒப்பிடும்போது மொத்த அளவில் உள்ள பிசகு இதில் கழிந்துபோகும் என்பதால், என் கணக்கு சரி என்பதற்கு இதை நான் வலுவான சாட்சியாக எடுத்துக்கொள்கிறேன்.

கல்லூரிக்குப் போன அன்று சென்சாரையும் பேட்டரியோடு கொண்டுபோய் ஃபோர்டின் பக்கத்தில் வைத்திருந்தேன். ஃபோர்டின் 28.640, வெப்பமானி 81. எல்லாத் திருத்தமும் போட்டு 962.7. சென்சாரில் 0.6 கழித்து 963.3. அரை ஹெக்டோபாஸ்கலுக்குச் சற்று மேல் வித்தியாசம், பாதரசம் பக்கம் குறைவு. அது குறைவாக இருப்பதுதான் இயல்பு. கண்ணாடிக் குழாயில் பாதரசம் ஒட்டாமல் விலகி நிற்பதால் தூண் சற்று தாழும். மேலே வெற்றிடத்தில் வருடக்கணக்கில் கொஞ்சம் காற்று புகுந்திருந்தால் இன்னும் தாழும். குழாயைச் சாய்த்துப் பாதரசம் மேல்முனையில் மோதும்போது 'டிக்' என்று உலோகச் சத்தம் வந்தால் வெற்றிடம் நன்றாக இருக்கிறது என்று படித்திருந்தேன். கேட்டேன். "வேண்டாங்க தம்பி, பாதரசம். ஒருதடவ கொட்டுச்சுன்னா இந்த ரூமே போச்சு" என்றார் அண்ணன். அவர் சொன்னதுதான் சரி. 1952-ல் அந்த வெற்றிடம் எந்த நிலையில் இருந்தது என்பதை இன்றைய அளவிலிருந்து ஊகித்து அரை ஹெ.பா. கூட்டுவது நேர்மையாகாது. அதனால் அதைத் தொடாமல் விட்டுவிட்டு, என் அட்டவணையின் தலைப்பில் மட்டும் குறித்து வைத்தேன்.

மற்ற அலகுகளில் இவ்வளவு சிக்கல் இல்லை. மில்லிபார் என்று எழுதிய பழைய வரைபடங்களுக்கு எதுவும் செய்ய வேண்டாம், ஒரு மில்லிபாரும் ஒரு ஹெக்டோபாஸ்கலும் ஒன்றேதான். பாஸ்கல் என்ற பெயரை 1971-ல் ஏற்ற பிறகு, பழைய எண்கள் மாறாமல் இருக்கத்தான் வானிலைக்காரர்கள் ஹெக்டோவை ஒட்டிக்கொண்டார்கள். பாதரச மில்லிமீட்டர் 1.33322 ஹெ.பா. டாக்டர்கள் ரத்த அழுத்தத்துக்கு இன்னும் அதைத்தான் சொல்கிறார்கள். ஒரு கிலோ, அதாவது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோகிராம், 980.665 ஹெ.பா. சதுர அங்குலத்துக்கு ஒரு பவுண்டு 68.95 ஹெ.பா.

எங்கள் தெருவில் பம்ப் பட்டறை வைத்திருக்கும் மாமா ஒருவர் இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டுத் தன் சந்தேகம் ஒன்றைக் கேட்டார். அவரிடம் உள்ள வேக்கம் கேஜ் 30 அங்குலம் வரை அளவு போட்டது. எவ்வளவு நல்ல பம்பை வைத்து இழுத்தாலும் 28-ஐத் தாண்டி முள் சிறிது தூரமே போகிறது, கேஜ் பழுதா என்றார். பழுதில்லை. அது வெளிக்காற்றிலிருந்து எவ்வளவு குறைந்தது என்பதைக் காட்டும் கேஜ். கோவையில் வெளிக்காற்றே 28.4 அங்குலம்தான். அதற்கு மேல் இழுக்க இங்கே காற்று இல்லை. இதே காரணத்தால் தண்ணீரைக் கோட்பாட்டளவில் உறிஞ்சக்கூடிய உயரமும் கடலோரத்தில் கிட்டத்தட்ட 34 அடி என்றால் கோவையில் 32 அடிதான். எந்த கேஜ் எண்ணை மாற்றினாலும், அது வெற்றிடத்திலிருந்து எண்ணியதா, வெளிக்காற்றிலிருந்து எண்ணியதா என்று முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். டயர்க் கடையில் 30 பவுண்டு என்றால் வெளிக்காற்றுக்கு மேல் 30.

இனி பித்தளை மீட்டர். இது அனிராய்டு வகை. பாதரசம் கிடையாது. காற்றை உறிஞ்சி எடுத்த அலையலையான மெல்லிய உலோக டப்பி, அது நசுங்கிவிடாமல் இழுத்துப் பிடிக்கும் பட்டை வில், டப்பியின் மூச்சைப் பெரிதாக்கிக் காட்டும் நெம்புகோல்கள், கடைசியில் மயிரிழைச் சங்கிலி ஒன்று முள்ளின் அச்சைச் சுற்றும். பிரெஞ்சுக்காரர் லூசியன் விடி 1844-ல் உருவாக்கிய அமைப்பு இது. பின்மூடியைத் திறந்தபோது சங்கிலி அச்சிலிருந்து நழுவித் தொங்கியது. அச்சுமுனைகளில் பழைய எண்ணெய் கோந்தாகிக் கெட்டியாக இருந்தது. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் பல்குத்தியை நனைத்து நனைத்துச் சுரண்டி எடுத்தேன். ஒப்பணக்கார வீதிப் பக்கம் ஒரு கடிகாரக்காரர் ஊசிமுனை அளவு கடிகார எண்ணெய் கொடுத்தார். அச்சுமுனைகளுக்கு மட்டும், சங்கிலிக்கு வேண்டாம், தூசி பிடித்துத் திரும்பச் சிக்கும் என்று சொல்லி அனுப்பினார். சங்கிலியை இடுக்கியால் திரும்பச் சுற்ற ஒரு மாலை முழுவதும் ஆனது.

டப்பி ஓட்டையாக இருந்தால் இதற்கெல்லாம் பயனில்லை. சோதிக்க, மீட்டரையும் சென்சாரையும் ஒன்றாக ஒரு பெரிய பிளாஸ்டிக் ஜிப் பைக்குள் வைத்து, காற்றோடு மூடி, மேலே மெதுவாக அழுத்தினேன். சென்சார் ஏற ஏற முள்ளும் ஏறியது. கையை எடுத்ததும் இறங்கியது. டப்பி உயிரோடு இருக்கிறது.

ஆனால் சரியான அளவில் ஏறுகிறதா? அதற்கு மலைதான் வேண்டும். ஒரு சனிக்கிழமை மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் சாலையில் ஏறினேன். மச்சான் வண்டி ஓட்டினார். நான் மடியில் மீட்டரையும் சென்சாரையும் வைத்துக்கொண்டு, இடம் கிடைத்த வளைவுகளில் நிறுத்தி, கண்ணாடியை லேசாகத் தட்டி, இரண்டையும் குறித்தேன். இந்த அலகுக்குப் பெயர் தந்த விஞ்ஞானி பாஸ்கல், தன் அக்காவின் கணவர் பெரியேவை 1648 செப்டம்பரில் பாதரசக் குழாயோடு பிரான்சின் புய் தெ தோம் மலைக்கு அனுப்பியதை அன்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டேன். மேலே போகப் போகக் காற்று குறைகிறது என்று உலகம் அறிந்தது அந்த ஏற்றத்தில்தான். கீழே 972, நாங்கள் திரும்பிய இடத்தில் 913. 59 ஹெ.பா. இறங்கியதற்கு முள் 1.74 அங்குலம் நகர்ந்திருக்க வேண்டும். 1.67 மட்டுமே நகர்ந்தது. ஆக, இந்த மீட்டரின் முகப்பில் ஓர் அங்குலம் என்பது 33.86 அல்ல, 35.3. இறங்கும்போது அதே இடங்களில் முள் 0.04 அங்குலம் வரை பின்தங்கியது. அது உலோகம் மெதுவாக இளகுவதால் வருவது. ஏறும்போதும் இறங்கும்போதும் எடுத்தவற்றின் சராசரியை வைத்துக்கொண்டேன். இதற்குப் புவியீர்ப்புத் திருத்தம் தேவையில்லை. டப்பியைத் தாங்குவது வில், எடை அல்ல.

உள்ளே ஒரு திருகை நகர்த்தினால் இந்த விகிதத்தைச் சரிசெய்யலாம். நான் தொடவில்லை. பழைய முகப்பைப் பத்திரமாக எடுத்து வைத்துவிட்டு, மலையில் எடுத்த அளவுகளின்படியே புதுக் காகித முகப்பு வரைந்தேன். உள்வட்டத்தில் பழைய அங்குலங்களும் வெளிவட்டத்தில் 960-லிருந்து 1050 வரை ஹெ.பா.வும்.

ஏன் 1050 வரை, கோவையில் 963தானே என்று கேட்கலாம். பழைய முகப்பில் 28-ல் புயல், 28.5-ல் கனமழை, 29-ல் மழை, 29.5-ல் மாற்றம், 30-ல் நல்ல வானிலை என்று ஆங்கிலத்தில் அச்சடித்திருந்தது. இங்கிலாந்துக் கடலோரத்துக்காக எழுதியவை. கோவையின் உண்மையான அழுத்தத்துக்கு முள்ளை வைத்தால், மேகமே இல்லாத நாளிலும் கனமழை என்றே நிற்கும். அதனால் கடல் மட்டத்துக்கு மாற்றிய அழுத்தத்தில் முள்ளை வைப்பார்கள். அப்பாருவும் அப்படித்தான் ஏரோடிரோம் ரிப்போர்ட்டைப் பார்த்து வைத்திருக்கிறார்.

அங்கேதான் அந்தப் பென்சில் வரி திரும்ப வந்தது. கல்லூரி நிற்பது கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 420 மீட்டர் உயரத்தில். அங்கே 963.4 என்றால் கடல் மட்டத்தில் சுமார் 1010.5. வித்தியாசம் 47 ஹெ.பா., அதாவது 1.39 அங்குலம். வீட்டு மீட்டர் கல்லூரிக் கருவியைவிட ஏறக்குறைய 1.40 கூடக் காட்ட வேண்டும். அப்பாரு எழுதியிருப்பது 1.20. இரண்டு வருடம் மூன்றாவது தசமம் வரை பிசகாமல் எழுதிய கை, இரண்டாவது இலக்கத்தில் 0.20 தவறுமா?

இரண்டு இரவு இதே யோசனை. மூன்றாம் நாள் காலை டீ குடிக்கும்போது புரிந்தது. அவர் ஒப்பிட்டது நான் திருத்திய 963.40-ஓடு அல்ல. கண்ணால் பார்த்த 28.65-ஓடு. அந்த எண்ணில் வெப்பமும் ஈர்ப்பும் சேர்ந்து கூட்டியிருந்தது 6.87 ஹெ.பா. அதை 33.8639-ஆல் வகுத்துப் பார்த்தேன். 0.203 அங்குலம். 1.40-லிருந்து கழித்தால் 1.20.

புது முகப்பைப் பொருத்தி, அன்றைக்குச் சென்சார் காட்டியதோடு 47 கூட்டி முள்ளை வைத்தேன். மீட்டர் இப்போது கூடத்தில், காலண்டருக்குப் பக்கத்தில் இருக்கிறது. காலை 10 மணிக்கு ஒரு முறை, மாலை 4 மணிக்கு ஒரு முறை கண்ணாடியைத் தட்டிப் பார்க்கிறேன்.